சூதாட்ட ராஜா பிளாங்
பாறைக் குன்றின் மேல் மான்டி கார்லோ எழுந்த கதை

சூதாடிக் கெட்டவர்களின் கதை நமக்குப் புதிது அல்ல. தருமர் நாட்டை இழந்தார். நளன் காட்டுக்குப் போனான்.

இது வேறு விதமான கதை. ஆட வந்தவர்களுக்கு மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தே ஒருவர் கோடீசுவரர் ஆனார். அரசர்களும் இளவரசர்களும் அவருடைய வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு நாடே அவர் கொடுத்த பணத்தில் பிழைத்தது.

அவர் பெயர் பிரான்சுவா பிளாங். மான்டி கார்லோவை உருவாக்கியவர் அவர்தான்.

இரட்டைப் பிள்ளைகள்

தெற்குப் பிரான்சில் கூர்தேசோன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1806-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஓர் ஏழைத் தாய்க்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் லூயி. மற்றவர் பிரான்சுவா. தகப்பனார் வரி வசூலிக்கும் வேலையில் இருந்தவர். பிள்ளைகள் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

பையன்கள் வளர்ந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றும் சர்க்கஸ் கூட்டம் ஒன்றில் சேர்ந்துகொண்டார்கள். அங்கே சீட்டு வித்தைகளைக் கற்றார்கள். வித்தை காட்டியும் சீட்டு ஆடியும் கொஞ்சம் காசு சேர்த்தார்கள்.

அந்தக் காசுடன் போர்தோ நகரத்துக்கு வந்தார்கள். அது பெரிய துறைமுகப் பட்டணம். அங்கே சர்க்கார் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் தொழிலைத் தொடங்கினார்கள்.

கைகாட்டித் தந்தி

கடன் பத்திரத்தின் விலை பாரிஸ் நகரத்தில் தினமும் ஏறும், இறங்கும். அந்தச் செய்தி தபால் வண்டியில் போர்தோவுக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். வண்டி வந்த பிறகுதான் போர்தோ வியாபாரிகளுக்கு விலை தெரியும். முன்கூட்டியே தெரிந்தவனுக்கு என்ன லாபம் என்று சொல்லவேண்டியதில்லை!

செய்தி வேகமாகப் போக ஒரு வழி இருந்தது. மின்சாரத் தந்தி பரவாத காலம் அது. குன்றுகளின் மேல் வரிசையாகக் கோபுரங்கள் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் மரக் கைகள் இருக்கும். நம் ரயில்வே கைகாட்டி மரம் மாதிரி. ஒரு கோபுரத்தில் கையை அசைத்தால், அடுத்த கோபுரத்து ஆள் தொலைநோக்கியில் பார்த்து அதே மாதிரி அசைப்பான். இப்படியே செய்தி போர்தோ வரை போய்விடும். ஆனால், அது சர்க்கார் செய்திக்கு மட்டும். வியாபாரிகளுக்கு இடம் இல்லை.

பிளாங் சகோதரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

வழியில் தூர் என்ற நகரத்தில் இருந்த தந்தி ஊழியரைப் பணம் கொடுத்து வசப்படுத்தினார்கள். பாரிஸில் இருந்த அவர்களுடைய ஆள், கையுறை, காலுறை போன்ற சாமான்களைப் பார்சலாக தூர் நகரத்துக்கு அனுப்புவான். பார்சலுக்குள் இருக்கும் பொருள்தான் சங்கேதம். அதைப் பார்த்து விலை ஏறியதா, இறங்கியதா என்று ஊழியர் தெரிந்துகொள்வார். சர்க்கார் செய்தியை அனுப்பும்போது வேண்டும் என்றே ஒரு சிறு பிழை செய்வார். உடனே பிழையைத் திருத்தும் அடையாளத்தையும் காட்டிவிடுவார். சர்க்காருக்குச் சந்தேகம் வராது. போர்தோவில் இருந்த கூட்டாளி அந்தப் பிழையைப் பார்த்துக்கொள்வான். பிளாங் சகோதரர்களுக்குச் சேதி எட்டிவிடும்!

1834-ல் இருந்து இரண்டு ஆண்டு காலம் இது நடந்தது. பணம் குவிந்தது. பிறகு தூர் ஊழியர் நோயில் படுத்தார். தன் இடத்துக்கு வரும் ஆளிடம் ரகசியத்தைச் சொல்லப் போக, குட்டு உடைந்தது.

1837-ல் வழக்கு நடந்தது. தனி மனிதர் அந்தத் தந்தியில் செய்தி அனுப்பக் கூடாது என்று சட்டம் எதுவும் அப்போது இல்லை! சகோதரர்கள் பெரிய தண்டனை இல்லாமல் தப்பினார்கள். சேர்த்த பணமும் தப்பியது. அவர்கள் வெளியே வந்த பிறகு, அதே ஆண்டில், தந்தியைச் சர்க்காருக்கு மட்டும் உரியதாக்கிச் சட்டம் செய்தார்கள்.

பிளாங் செய்தது மோசடிதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், அதற்குப் பிறகு அவருக்கு மோசடியே தேவைப்படவில்லை. நேர்மையான கணக்கிலேயே அதைவிடப் பெரிய லாபம் இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

சின்ன ராஜ்யம், பெரிய கடன்

1837-ம் ஆண்டு கடைசி நாளோடு பிரான்சு நாட்டில் சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டன. பாரிஸ் சூதாடிகள் எங்கே போவார்கள்? எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குப் போனார்கள்.

அப்போது ஜெர்மனி ஒரே நாடு அல்ல. பல சிறு ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்தது. அங்கே மருந்து ஊற்றுகள் உள்ள ஊர்கள் பல உண்டு. உடம்பு தேறுவதற்காக ஊற்று நீர் குடிக்கச் செல்வந்தர்கள் வருவார்கள். பகலில் நீர் குடிப்பார்கள். இரவில் சூதாடுவார்கள்! பாடன் பாடன், வீஸ்பாடன் ஆகிய ஊர்கள் இதில் பேர் பெற்றவை. பாடன் பாடனில் விடுதி நடத்தியவர் பெனாசே. பாரிஸில் சூதாட்ட விடுதிகள் நடத்திப் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர்.

பிளாங் சகோதரர்கள் தேடிப் பிடித்த ஊர் ஹோம்பர்க். பிராங்பர்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குட்டி ராஜ்யத்தின் தலைநகரம் அது. அதை ஆண்டவருக்குக் கடன் தலைக்கு மேல் இருந்தது. மருந்து ஊற்று இருந்தும் விருந்தாளிகள் அதிகம் வரவில்லை. 1840-ல் சகோதரர்கள் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மாளிகை கட்டுவது அவர்கள் பொறுப்பு. ஆண்டுதோறும் ராஜ்யத்துக்குப் பணம் கட்டுவார்கள். அதற்குப் பதிலாகச் சூதாட்டம் நடத்தும் உரிமை அவர்களுக்கே.

மாளிகை 1843 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது. ஆனால், பேர் பெற்ற பாடன் பாடனை விட்டுவிட்டு ஹோம்பர்க்குக்கு யார் வருவார்கள்?

ஒரு சைபரை எடுத்தார்

இங்கேதான் பிளாங்கின் மூளை வேலை செய்தது. அதைப் புரிந்துகொள்ள ரூலெட் ஆட்டம் தெரிய வேண்டும்.

ரூலெட் என்பது ஒரு சுழலும் வட்டு. அதன் ஓரத்தில் சிறு குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு நம்பர். 1 முதல் 36 வரை. இவை தவிர சைபர் ஒன்று, இரட்டைச் சைபர் ஒன்று. ஆக 38 குழிகள். வட்டைச் சுற்றி ஒரு சிறு குண்டை ஓடவிடுவார்கள். அது எந்தக் குழியில் விழுகிறதோ, அந்த நம்பருக்கு வெற்றி. ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால், கட்டிய ரூபாயும் சேர்த்து 36 ரூபாய் கைக்கு வரும்.

ஒருவர் 38 குழிகளுக்கும் ஒவ்வொரு ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஒன்று விழுந்தே தீரும். திரும்பி வருவது 36 ரூபாய். போட்டதோ 38. இரண்டு ரூபாய் விடுதிக்காரருக்கு! நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் ஆயிற்று.

பிளாங் இரட்டைச் சைபரை எடுத்துவிட்டார். குழிகள் 37 ஆயின. இப்போது விடுதிக்காரருக்கு மிஞ்சுவது ஒரே ரூபாய். நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு.

தன் லாபத்தில் பாதியைத் தானே வெட்டிக்கொண்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், சூதாடிகள் ஹோம்பர்க்குக்குப் படையெடுத்தார்கள். மற்ற ஊர் விடுதிகள் குளிர் காலத்தில் மூடிக் கிடந்தன. ஹோம்பர்க் விடுதி ஆண்டு முழுவதும் திறந்திருந்தது. இரண்டு ரூபாய் லாபத்துக்குப் பத்துப் பேர் வருவதைவிட, ஒரு ரூபாய் லாபத்துக்கு நூறு பேர் வருவது மேல் அல்லவா? சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவருக்கும் தெரிந்த கணக்குதான் இது. அதைச் சூதாட்ட மேஜைக்குக் கொண்டுவந்தவர் பிளாங். ஐரோப்பிய ரூலெட்டில் இன்றும் ஒரே சைபர்தான்.

1 முதல் 36 வரை எல்லா நம்பர்களையும் கூட்டிப் பாருங்கள். 666 வரும். கிறிஸ்தவ வேதத்தில் அது பொல்லாத எண். பிளாங் சாத்தானிடம் ஒப்பந்தம் செய்துகொண்டுதான் இந்த ரகசியத்தைப் பெற்றார் என்று ஒரு கட்டுக்கதை உலவியது. சாத்தான் எதற்கு? கூட்டல் கழித்தல் போதாதா!

ஜெயித்தவர் ஓடினார்

ஆனாலும் பிளாங்குக்கு உயிர் போய் உயிர் வந்த நாட்களும் உண்டு. 1849-ல் பிராங்பர்ட்டில் கூடிய ஜெர்மன் பார்லிமெண்டு சூதாட்டத்துக்குத் தடை போட்டது. விடுதியை மூடச் சிப்பாய்கள் வந்தார்கள். நல்ல காலம், அந்தப் பார்லிமெண்டே சில வாரங்களில் கலைந்துபோயிற்று.

1852-ல் வந்தவர் சிப்பாய்களைவிட ஆபத்தானவர். நெப்போலியனின் தம்பி மகன். கானினோ இளவரசர். பெயர் சார்லஸ் போனபார்ட். பறவைகளை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி! சில நாள் ஆட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிராங்குகளை வாரிக் கட்டிக்கொண்டார். பாரிஸில் ஒரு தொழிலாளிக்கு நாள் கூலி நாலைந்து பிராங்கு கிடைத்தால் பெரிது என்ற காலம் அது. விடுதியின் கஜானா ஆட்டம் கண்டது. இளவரசர் புத்திசாலி. பணத்துடன் ஊரை விட்டுப் போய்விட்டார். இன்னும் சில நாள் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இரண்டு பக்கமும் சொல்லலாம்.

இந்தப் போனபார்ட் குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

1860-ல் ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த கார்சியா என்பவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். அவர் இளவரசர் மாதிரி இல்லை. திரும்பி வந்தார். ஜெயித்ததையும் விட்டார், கையில் இருந்ததையும் விட்டார்.

ரஷிய நாட்டுப் பெரும் எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் ஆடித் தோற்றவர். 1866-ல் சூதாடி என்ற நாவலை எழுதினார். சூதாடியின் மனம் எப்படிப் போகும் என்று அதில் அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லிவிட்டார். எழுதியவருக்குப் புத்தி வந்ததா? அடுத்த ஆண்டே, புது மனைவியை டிரெஸ்டன் நகரத்தில் விட்டுவிட்டு ஹோம்பர்க்குக்கு ஓடிவந்தார். கடிகாரம் அடகுக்குப் போயிற்று. ஊருக்குத் திரும்பப் பணம் கேட்டு மனைவிக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அனுப்பிய பணத்தையும் மேஜையில் வைத்தார்.

செருப்புத் தைப்பவர் மகள்

பிளாங்கின் முதல் மனைவி இரண்டு மகன்களை விட்டுவிட்டு இறந்துபோனார். அண்ணன் தம்பியாக எல்லாவற்றிலும் கூட இருந்த லூயியும் ஹோம்பர்க் காலத்திலேயே இறந்தார்.

அக்கம்பக்கத்து ஊரில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவரின் மகள் மரி ஹென்சல். பிளாங்கைவிட 27 வயது இளையவள். பிளாங் அந்தப் பெண்ணை விரும்பினார். முதலில் பாரிஸுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். நாகரிகப் பழக்கங்களைக் கற்கவைத்தார். 1854-ல் திருமணம் நடந்தது. மரி வீட்டுக்கு மட்டும் எஜமானி அல்ல. தொழிலிலும் கணவருக்குக் கை கொடுத்தார்.

கிராக்கி இல்லாத பாறை

ஜெர்மனியில் சூதாட்டத்துக்கு எதிர்ப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. பிளாங் வேறு இடம் பார்த்தார். கண்ணில் பட்டது மொனாக்கோ.

மத்தியதரைக் கடல் ஓரத்தில், இத்தாலி எல்லைக்கு அருகே உள்ள குட்டி நாடு அது. காலையில் நடக்கத் தொடங்கினால் சாப்பாட்டு நேரத்துக்குள் நாடு முழுவதையும் சுற்றி வந்துவிடலாம். ஆள்பவருக்கு இளவரசர் என்றே பட்டம். முன்பு நாடு இதைவிடப் பெரிது. மாந்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்கள் எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் விற்று வரி கட்டிவந்தன. வரி தாங்காமல் 1848-ல் அந்த ஊர்கள் பிரிந்துபோயின. 1861-ல் அவற்றை 40 லட்சம் பிராங்குக்குப் பிரான்சுக்கே கொடுத்துவிட்டார்கள். நாட்டின் பெரும் பகுதி போயிற்று. மிஞ்சியது பாறை.

இளவரசர் மூன்றாம் சார்லஸ் வருமானத்துக்கு வழி தேடினார். 1856-லேயே சூதாட்டத்துக்கு அனுமதி கொடுத்துப் பார்த்தார். எடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கை சுட்டுக்கொண்டார்கள். ரயில் இல்லை. நல்ல சாலை இல்லை. நீஸ் நகரத்தில் இருந்து படகில் வர வேண்டும். வந்தால் தங்க நல்ல ஓட்டல் இல்லை. பிறகு யார் வருவார்கள்?

1863-ல் பிளாங் வந்தார். 17 லட்சம் பிராங்கு கொடுத்து 50 ஆண்டுக்கு உரிமையை வாங்கினார். லாபத்தில் இளவரசருக்குப் பங்கு. கடல் குளியல் கம்பெனி என்ற பெயரில் ஒரு கம்பெனி தொடங்கினார். சூதாட்டம் என்ற சொல்லையே வெளியே காட்டாத பெயர்! அந்தக் கம்பெனி இன்றும் நடக்கிறது.

ஓட்டல்தான் முதலில்

பிளாங் ஒன்றை நன்றாக அறிந்திருந்தார். சூதாட மட்டும் வருகிறவன் காசு போனதும் எழுந்துபோய்விடுவான். குடும்பத்தோடு வருகிறவன் தங்குவான். தங்குகிறவன் மறுபடியும் மேஜைக்கு வருவான்.

ஆகவே, பாரிஸில் உள்ள பெரிய ஓட்டல்களைத் தூக்கி அடிக்கும்படி ஓட்டல் தி பாரி என்ற ஓட்டலைக் கட்டினார். 1864-ல் அது திறக்கப்பட்டது. சூதாட்ட மாளிகை வாசலில் இருந்து நாலு எட்டு வைத்தால் ஓட்டல் வாசல். மாளிகையைச் சுற்றிப் பூந்தோட்டம். சங்கீதக் கச்சேரி. பொட்டல் குன்றில் பனை மரங்கள் எழுந்தன.

அந்தக் குன்றுக்குப் பழைய பெயர் ஸ்பெலூக். குகை என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதே ஒலியுள்ள சொல்லுக்குக் கள்ளுக்கடை போன்ற மட்டமான இடம் என்று அர்த்தம். சீமான்களுக்கு ஏற்ற பெயரா அது? 1866-ல் பெயரை மாற்றினார்கள். இளவரசர் சார்லஸ் பெயரால் சார்லஸ் மலை என்று ஆக்கினார்கள். இத்தாலிய மொழியில் மான்டி கார்லோ.

1868 அக்டோபரில் ரயில் வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? ரயில் ரயிலாகக் கூட்டம் வந்து இறங்கியது.

அடுத்த ஆண்டு, 1869-ல், மொனாக்கோ மக்கள் கட்டிவந்த நேர் வரிகளை இளவரசர் ரத்து செய்தார். வரி தாங்காமல் ஊர்கள் பிரிந்துபோன நாட்டில் வரியே இல்லை! செலவுக்குப் பிளாங்கின் பணம் இருந்தது.

ஆனால், ஒரு கட்டுப்பாடு. மொனாக்கோ குடிமக்கள் சூதாட்ட மேஜையில் உட்காரக் கூடாது. வெளியூரார் மட்டும்தான் ஆடலாம். ஆட்டம் நல்லது என்றால் சொந்த ஜனங்களுக்கு ஏன் தடை? அந்த நாட்டை ஆண்டவர்கள் சூதாட்டத்தைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கறுப்புத் துணி

1866-ல் ஹோம்பர்க் ராஜ்யத்தைப் பிரஷியா விழுங்கியது. 1872-ம் ஆண்டு முடிவோடு ஜெர்மன் சூதாட்ட விடுதிகள் எல்லாம் மூடப்பட்டன. பெனாசே குடும்பம் ஆண்ட பாடன் பாடன் மேஜையும் போயிற்று. பிளாங்குக்குக் கவலை இல்லை. ஐரோப்பாவின் சூதாடிகள் போக வேறு பெரிய இடம் இல்லை. ஒரு காலத்தில் போட்டிக்காக லாபத்தைக் குறைத்தவருக்கு இப்போது போட்டியே இல்லை.

மான்டி கார்லோவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மேஜைக்கும் காலையில் ஒரு தொகை கொடுத்திருப்பார்கள். யாராவது அதைத் துடைத்து ஜெயித்துவிட்டால், மேஜை மேல் கறுப்புத் துணியைப் போர்த்துவார்கள். உள்ளே இருந்து மறுபடி பணம் வரும் வரை துக்கம்! சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். மறுநாள் பத்திரிகையில் வரும். அதைப் படித்துவிட்டு ஆயிரம் பேர் ரயில் ஏறுவார்கள். ஒருவர் ஜெயிப்பது விடுதிக்கு நஷ்டம் அல்ல, விளம்பரம்.

தோற்றவர்கள் விஷயம் பத்திரிகையில் வருவதை விடுதி விரும்பவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தச் செய்திகள் ஐரோப்பா எங்கும் பேசப்பட்டன. அதனால், கையில் காசில்லாமல் நின்றவருக்கு ஊர் போய்ச் சேர விடுதியே ரயில் செலவு கொடுத்து அனுப்பியது. வாங்கியவர் அதைத் திருப்பிக் கட்டும் வரை மறுபடி உள்ளே நுழைய முடியாது. இரக்கமா, வியாபாரமா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். எனக்கு என்னவோ வியாபாரம்தான் அதிகம் என்று படுகிறது.

பிளாங் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வெள்ளை என்று பொருள். ரூலெட் மேஜையில் சிவப்புக்குக் கட்டலாம், கறுப்புக்குக் கட்டலாம். சிவப்பு ஜெயித்தாலும் கறுப்பு ஜெயித்தாலும் கடைசியில் ஜெயிப்பது வெள்ளைதான் என்று ஊரார் கேலி பேசினார்கள்.

சர்க்காருக்கே கடன்

1874-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பாரிஸில் பிரம்மாண்டமான ஆபெரா நாடக மாளிகை பாதியில் நின்றது. பிரெஞ்சு சர்க்காரிடம் பணம் இல்லை. 49 லட்சம் பிராங்கு கடன் கொடுத்து அதை முடிக்க வைத்தவர் யார்? நம் பிளாங்தான்! வட்டி நூற்றுக்கு ஆறு. ஒரு காலத்தில் தந்தியில் தில்லுமுல்லு செய்ததற்காகக் கோர்ட்டில் நிறுத்திய அதே சர்க்கார், அவரிடம் கை நீட்டிக் கடன் வாங்கியது.

1876-ல் மூத்த மகள் லூயிஸை ராட்சிவில் இளவரசர் மணந்தார். செருப்புத் தைத்தவரின் பேத்தி இளவரசி ஆனாள்.

அடுத்த ஆண்டு, 1877 ஜூலை 27-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் ஒரு வெந்நீர் ஊற்று ஊரில் பிளாங் காலமானார். வயது 70. பல கோடி பிராங்கு சொத்து வைத்திருந்தார். பாரிஸ் நகரத்துப் பெர் லாஷேஸ் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். மனைவி மரி தொழிலை ஏற்று நடத்தினார். பாரிஸ் ஆபெரா மாளிகையைக் கட்டிய கார்னியே என்ற சிற்பியை அழைத்து, மான்டி கார்லோவிலும் ஒரு நாடக மாளிகை கட்டச் செய்தார். அது 1879-ல் திறக்கப்பட்டது. 1881-ல் மரியும் இறந்தார். பிறகு மூத்த தாரத்து மகன் காமில் நெடுங்காலம் விடுதியை நடத்தினார்.

போனபார்ட் குடும்பம் மறுபடியும் வரும் என்று சொன்னேன் அல்லவா? இளைய மகளை 1880-ல் ரோலண்டு போனபார்ட் மணந்தார். 1852-ல் ஹோம்பர்க் கஜானாவைக் காலி செய்யப் பார்த்தாரே, அந்தக் கானினோ இளவரசருடைய தம்பி மகன்தான் இவர். அன்று பெரியப்பா லட்சத்தோடு போனார். இன்று தம்பி மகனுக்குக் கோடிகளோடு பெண் வந்தாள்.

அந்தப் பெண் 1882-ல் ஒரு மகளைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். தாயின் சொத்து அந்தக் குழந்தைக்கு வந்தது. குழந்தையின் பெயர் மரி போனபார்ட். வளர்ந்து கிரேக்க இளவரசரை மணந்தார். மனித மனத்தை ஆராய்ந்த பிராய்டு என்ற டாக்டரிடம் பாடம் கற்றார். 1938-ல் ஹிட்லரின் ஆட்கள் வியன்னா நகரத்தைப் பிடித்தபோது, யூதரான பிராய்டு அங்கே மாட்டிக்கொண்டார். வெளியேற வேண்டுமானால் பெருந்தொகை வரியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். மரி போனபார்ட் அதைக் கட்டினார். 82 வயதுக் கிழவர் பிராய்டு ரயில் ஏறிப் பாரிஸ் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார்.